தீவைக் காணாத தீவுக் காசுகள்

காரைதீவிலிருந்து ஓர் ஆசிரியை எனக்கு எழுதியிருந்தார். மெல்பேணில் வசிக்கும் அவருடைய பெரியப்பாவின் மகன் சென்ற விடுமுறைக்கு வந்தபோது, ஆசிரியையின் மகனுக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு வெள்ளி நாணயத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதன் ஒரு பக்கத்தில் எலிசபெத் மகாராணியாரின் தலையும், நியூவே என்ற பெயரும், 2 டொலர் என்ற பெறுமதியும், 2014 என்ற ஆண்டும் இருக்கின்றன. மறுபக்கத்தில் மிக்கி மௌஸ் வண்ணத்தில் சிரிக்கிறது. வங்கியில் காட்டியபோது அப்படியொரு நாட்டுப் பணத்தைத் தாங்கள் மாற்றுவதில்லை என்றார்களாம். நகைக்கடையில் காட்டியபோது, வெள்ளி விலைக்கு மட்டுமே எடுக்க முடியும், அதுவும் மேலே மை இருப்பதால் உருக்கிப் பார்த்த பிறகே விலை சொல்ல முடியும் என்றார்களாம். இது உண்மையான பணம்தானா, ஒரு சிறிய தீவு எதற்காகக் கேலிச்சித்திர எலியைக் காசில் பொறிக்கிறது, இதை விற்பதா வைத்திருப்பதா என்பன அவர் கேட்கும் மூன்று கேள்விகள்.

தபாற்கந்தோரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவன் நான். முத்திரை சேர்க்கப் போய் நாணயத்தில் வந்து நின்றவன். இந்தக் கேள்விகளை மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பலர் வெவ்வேறு சொற்களில் என்னிடம் கேட்டிருப்பதால், இம்முறை சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தங்கச்சி, முதற் கேள்விக்கான விடை உங்கள் அம்மம்மாவின் நகைப்பெட்டியிலேயே இருக்கக்கூடும். அதில் ஒரு பவுண் காசு இருந்தால் எடுத்துப் பாருங்கள். 22 கரட் தங்கத்தில், ஏறக்குறைய 7.98 கிராம் எடையில் இங்கிலாந்து வெளியிட்ட அந்தக் காசிலிருந்துதான் நாம் 8 கிராமை ஒரு பவுண் என்று சொல்லும் வழக்கமே வந்தது. அதன் மீது எந்தப் பெறுமதியும் எழுதப்பட்டிருக்காது. ஆனால் சட்டத்தின் கண்ணில் அதன் முகப்பெறுமதி இன்றைக்கும் வெறும் 1 பவுண் ஸ்டேர்லிங். அந்தக் காசை ஒரு பவுணுக்குக் கடையில் நீட்டுகிறவர் எவரும் உலகில் இல்லை. அது பணம் என்பதும் உண்மை, அதைப் பணமாக யாரும் செலவழிப்பதில்லை என்பதும் உண்மை. உங்கள் மகனுடைய நாணயமும் இதே வகைதான். நியூவே அரசின் அதிகாரத்தின் பேரில் வெளியிடப்பட்டிருப்பதால் அது நாணயம். ஆனால் புழக்கத்துக்கு விடும் எண்ணத்தோடு அது அடிக்கப்படவே இல்லை. ஒரு அவுன்ஸ் வெள்ளியின் விலை 2 நியூசிலாந்து டொலரைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால், அதைக் கொடுத்து ஒரு பாண் வாங்க எவருக்கும் மனம் வராது. வங்கி மறுத்ததும் தவறன்று. நம் வங்கிகள் வெளிநாட்டு நாணயத்தாள்களில் குறிப்பிட்ட சிலவற்றைத்தான் மாற்றுகின்றன. வெளிநாட்டுக் குத்திக்காசை, அது எந்த நாட்டினுடையதானாலும், பெரும்பாலும் ஏற்பதில்லை. நியூசிலாந்தில்கூட அந்நாட்டின் மத்திய வங்கி வெளியிட்ட நாணயமே சட்டமுறைப் பணம். நியூவேயின் பெயரைத் தாங்கிய காசை ஓக்லாந்தின் ஒரு கடைக்காரர் மறுத்தால், அவர்மேல் குறை சொல்ல முடியாது.

இனி நியூவே என்பது எந்த இடம் என்று பார்ப்போம். தென் பசிபிக்கில் தனித்து நிற்கும் ஒரு பவளப்பாறைத் தீவு அது. பரப்பளவு 260 சதுர கிலோமீற்றர். அதாவது நம் மட்டக்களப்பு மாவட்டத்தின் பத்தில் ஒரு பங்களவுதான். அங்கே வசிப்பவர்கள் ஏறக்குறைய 1,700 பேர். நம் எழுவான்கரையின் ஒரு நடுத்தரக் கிராமத்திலேயே அதைவிடக் கூடுதலான ஆட்கள் இருப்பார்கள். 1974 முதல் நியூசிலாந்தோடு சுதந்திர இணைப்பு என்ற ஏற்பாட்டின் கீழ் தன்னைத் தானே ஆளுகிறது. அன்றாடக் கொடுக்கல் வாங்கலுக்கு நியூசிலாந்து டொலரையே பயன்படுத்துகிறது. தீவில் இருப்பவர்களைப்போலப் பல மடங்கு நியூவே மக்கள் நியூசிலாந்திலேயே குடியேறிவிட்டார்கள். ஊரைவிட ஊருக்கு வெளியே சனம் கூடிய நிலை எப்படிப்பட்டது என்பதை, பிள்ளைகளைச் சுவிஸுக்கும் கனடாவுக்கும் அனுப்பிவிட்டுப் பூட்டிய வீடுகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கு விளக்க வேண்டியதில்லை.

அத்தகைய ஒரு தீவுக்கு ஏற்றுமதி செய்யப் பெரிய பொருள் எதுவும் இல்லை. ஆனால், எவ்வளவு சிறிய நாடானாலும் அதனிடம் இருக்கும் சில உரிமைகள் எவ்வளவு பெரிய கம்பனியிடமும் இல்லாதவை. தன் கடலில் மீன்பிடிக்க அனுமதி கொடுப்பது, தன் பெயரில் முத்திரை அச்சிடுவது, நாணயம் அடிப்பது ஆகியவை அந்த உரிமைகள். நாணயச்சாலை ஒன்று தீவின் அரசோடு ஒப்பந்தம் செய்துகொள்கிறது. வடிவத்தைத் தயாரிப்பதும், வெள்ளியை வாங்குவதும், அடிப்பதும், பெட்டியில் போட்டு விற்பதும் நாணயச்சாலையின் வேலை. வடிவத்துக்கு ஒப்புதல் கொடுத்துத் தன் பெயரையும் முகப்பெறுமதியையும் இட அனுமதிப்பது தீவின் வேலை. அதற்காகத் தீவுக்கு உரிமைக் கட்டணம் வந்து சேருகிறது. உங்கள் நாணயத்தை அடித்தது ஓக்லாந்திலுள்ள நியூசிலாந்து மின்ட் என்ற தனியார் நிறுவனம். பெயரைப் பார்த்து அதை அரசாங்க நிறுவனம் என்று நினைத்துவிடக் கூடாது. மாறாக, துவாலு தீவின் பெயரில் ஏராளமான நாணயங்களை அடிக்கும் பேர்த் மின்ட், 1899 இல் தொடங்கப்பட்டு இன்று மேற்கு அவுஸ்திரேலிய மாநில அரசுக்கு முழுமையாகச் சொந்தமாக உள்ளது. எப்படியிருந்தாலும், ஓக்லாந்திலோ பேர்த்திலோ போலந்திலோ அடிக்கப்பட்டு ஜேர்மனியிலும் அமெரிக்காவிலும் யப்பானிலும் விற்பனையாகும் இந்தக் காசுகளில் பெரும்பாலானவை, தம்மேல் எழுதப்பட்டிருக்கும் தீவின் மண்ணை ஒருமுறையேனும் தொடுவதில்லை.

மிக்கி மௌஸ் அங்கே எப்படி வந்தது என்பதற்கும் இதுவே விடை. நியூவேயின் பெயரில் 2001 இலேயே பொக்கிமொன் உருவங்கள் வந்துவிட்டன. 2011 இல் ஸ்டார் வோர்ஸ் வந்தது. 2014 இல் டிஸ்னி. படத்தின் உரிமை ஒருவரிடம், நாட்டின் பெயருக்கான உரிமை இன்னொருவரிடம், அடிக்கும் இயந்திரம் மூன்றாமவரிடம் இருக்க, இம்மூவரும் சேர்ந்தால் ஒரு நாணயம் பிறக்கிறது. துவாலுவின் பெயரில் ட்ரான்ஸ்ஃபோமேர்ஸும் சிம்ப்சன்ஸும் வந்திருக்கின்றன. வெறும் பதக்கமாக அடித்தாலும் அதே வெள்ளி, அதே படம்தானே என்று கேட்கலாம். ஆனால், பதக்கத்தை நாணயச் சேகரிப்பாளர் தொடமாட்டார். நாணயப் பட்டியல்களில் அதற்கு இடம் கிடைக்காது. சில நாடுகளில் வரி விதிக்கும்போதும் பதக்கத்துக்கும் நாணயத்துக்கும் வேறுபாடு காட்டப்படுகிறது. ஒரு நாட்டின் பெயரும் ஒரு சிறிய முகப்பெறுமதியும் சேர்ந்தவுடன் வெள்ளி வில்லை நாணயமாகிவிடுகிறது. முகப்பெறுமதியைச் சிறியதாக வைப்பதற்கும் காரணம் உண்டு. நாளைக்கு எல்லோரும் அந்தக் காசுகளைத் திரட்டிக்கொண்டு வந்து 'இந்தாருங்கள், உங்கள் பணம், மாற்றித் தாருங்கள்' என்று தீவின் திறைசேரியில் நின்றாலும், தீவுக்கு அதனால் பெரிய கடன் ஏற்படாது.

இந்த வியாபாரம் நேற்று முளைத்ததன்று. 1970 களில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலிருந்த பிராங்ளின் மின்ட் என்ற தனியார் நாணயச்சாலை, கரிபியன் தீவுகளுக்கும் பசிபிக் தீவுகளுக்கும் கண்ணாடிபோல் மின்னும் சேகரிப்புத் தொகுதிகளை அடித்து வீடுவீடாகத் தபாலில் விற்றது. அன்றாடம் அமெரிக்க டொலரையே புழங்கும் பிரித்தானிய வேர்ஜின் தீவுகளுக்கு 1973 இல் பறவைகள் பொறித்த ஒரு நாணயத் தொகுதி கிடைத்தது அப்படித்தான். அதற்கும் முன்னர், 1962 இல் தொங்கா இராச்சியம் கோலா என்ற பெயரில் தங்க நாணயம் வெளியிட்டது. 1967 இல் தன் அரசரின் முடிசூட்டுக்காகப் பலேடியம் என்ற அரிய உலோகத்தில் நாணயம் அடித்தது. முத்திரைக்காரன் என்ற வகையில் எனக்கு அதைவிடப் பிடித்தமானது, அந்தத் தங்க நாணயத்தின் நினைவாக 1963 இல் தொங்கா வெளியிட்ட முத்திரைதான். வட்டமாக வெட்டி, தங்கநிறத் தாளில் அச்சிட்டு, காசைப்போலவே தோற்றமளிக்கும்படி செய்திருந்தார்கள். தபாலும் நாணயமும் இப்படிக் கைகோத்த இன்னோர் இடம் மான் தீவு. தனி நாடு அல்லாத, பிரித்தானிய முடிக்குச் சார்ந்த அந்தத் தீவின் பெயரில் 1990 இல் வந்த ஒரு கிரவுண் நாணயம், உலகின் முதல் முத்திரையான பென்னி பிளாக்கின் 150 ஆம் ஆண்டுக்காகக் கருமை பூசி அடிக்கப்பட்டது.

வண்ணம் வந்தது 1992 இல். பலாவு என்ற பசிபிக் தீவுக்கூட்டத்தின் கடல்வாழ் உயிர்ப் பாதுகாப்புத் தொடர்தான், உலகின் முதல் வண்ண நாணயங்களுள் ஒன்றாகப் பேசப்படுகிறது. நகைக்கடையில் உங்களை யோசிக்க வைத்த அந்த மையைப் பற்றி ஒரு விளக்கம் சொல்கிறேன். அது கையால் தீட்டிய வண்ணமன்று. படம் செதுக்கிய தகட்டில் மையிட்டு, மெத்தென்ற சிலிக்கோன் திண்டு ஒன்றால் அந்த மையைத் தொட்டெடுத்து நாணயத்தின்மேல் அழுத்துவார்கள். தபாற்கந்தோரில் நாங்கள் மைத்திண்டில் முத்திரையை ஒற்றிக் கடிதத்தின்மேல் குத்துவோமே, ஏறக்குறைய அதே வேலைதான். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒருமுறை ஒற்ற வேண்டும். மை மிக மெல்லியது; வெள்ளியின் எடையை அது மாற்றுவதில்லை; உருக்கினால் எரிந்துபோகும். எனவே நகைக்கடைக்காரர் அஞ்சுவதற்கு அதில் எதுவும் இல்லை. ஆனால் உருக்கிய கணத்திலேயே அது வெறும் வெள்ளியாகிவிடும்.

வண்ணத்தோடு நிற்கவில்லை. லூர்து அன்னையின் காட்சி நிகழ்ந்து 150 ஆண்டுகள் நிறைவதையொட்டி, லூர்துத் தீர்த்தம் அடைத்த சிறு குப்பியோடு பலாவின் பெயரில் ஒரு வெள்ளி நாணயம் வந்தது. விண்கல் துண்டு பதித்த நாணயம் குக் தீவுகளின் பெயரில் வந்தது. முத்துப் பதித்தவையும் உண்டு. 11 மில்லிமீற்றர் விட்டத்தில், அரைக் கிராம் தங்கத்தில் அடித்த காசுகளும் உண்டு. நம் கணக்கில் பவுணில் பதினாறில் ஒன்று. ஒரு மூக்குத்திக்குக்கூடக் காணாத அந்தத் தங்கத்துக்குப் பெட்டியும் சான்றிதழுமாகச் சேர்த்துக் கேட்கும் விலை, தங்கத்தின் விலையைவிட வெகு அதிகம். எனக்கு உடன்பாடில்லாத வெளியீடுகள் இவற்றில் பல. நாணயம் எதைச் சொல்ல வந்தது என்பதை மறந்து, எதை ஒட்டி வைக்கலாம் என்று தேடும்போது அது நாணயக் கலையைவிட்டு விலகிவிடுகிறது என்றே கருதுகிறேன்.

ஆயினும், இந்தத் தீவுகளைப் பழிப்பவர்களோடு நான் சேரமாட்டேன். மட்டக்களப்புக் கோட்டையை அண்டிய பழைய வீடுகளில் ஒல்லாந்தர் காலச் செப்புக் காசுகள் கிடைத்ததுண்டு; மூன்று எழுத்துகளைப் பின்னிப் போட்ட அடையாளம் அவற்றில் இருக்கும். அது எந்த அரசரின் முத்திரையுமன்று. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி என்ற வணிக நிறுவனத்தின் அடையாளம். டொய்ட் என்ற அந்தக் காசின் பெயர்தான் நம் வாயில் துட்டு ஆயிற்று. ஒரு கம்பனி தன் பெயரை நம் கையிலிருந்த காசில் பொறித்தது. நம் முன்னோரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை, உரிமைக் கட்டணமும் கொடுக்கவில்லை. இன்று கம்பனி ஒன்று நாணயம் அடிக்க வேண்டுமானால் 1,700 பேர் வாழும் ஒரு தீவின் கதவைத் தட்டி, அதன் பெயரைக் கேட்டு, அதற்குப் பணம் கொடுக்க வேண்டியிருக்கிறது. துவாலு தன் இணைய முகவரி எழுத்துகளான 'டிவி' என்பதைத் தொலைக்காட்சி நிறுவனங்களுக்குப் பயன்படும்படி குத்தகைக்குக் கொடுத்து, அந்தப் பணத்தின் துணையோடுதான் 2000 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்பு நாடாகச் சேர்ந்தது. ஏறக்குறைய 50 பேர் மட்டுமே வாழும் பிற்கேர்ண் தீவுக்கு, 1940 முதல் வெளியிட்ட முத்திரைகள் நெடுங்காலம் முக்கியமான வருமானமாக இருந்தன. தம்மிடமுள்ள ஒரே பொருளான பெயரை விற்று வாழ்கிறார்கள். அதில் இழிவு எதையும் நான் காணவில்லை.

எல்லாத் தீவுக் காசும் இப்படிப் பெட்டிக்குள் பிறந்து பெட்டிக்குள் இருப்பதும் அல்ல. துவாலு 1976 இல் வெளியிட்ட நாணயங்களைப் பாருங்கள். 2 சதத்தில் திருக்கை, 5 சதத்தில் புலிச்சுறா, 10 சதத்தில் நண்டு, 20 சதத்தில் பறக்கும் மீன், 50 சதத்தில் கணவாய் இனத்து எண்காலி, 1 டொலரில் கடலாமை. கல்லடியிலோ பொத்துவிலிலோ கரைவலை இழுக்கும் ஒருவரிடம் அந்த ஆறு காசுகளையும் கொடுத்தால், எழுத்து எதையும் வாசிக்காமலே அது எப்படிப்பட்ட மக்களின் பணம் என்று சொல்லிவிடுவார். குக் தீவுகளின் 2 டொலர் முக்கோண வடிவில் இருக்கும்; அது கடைகளில் புழங்கிய காசு. மாலைதீவு ஹோட்டல்களில் வேலை செய்துவிட்டு வரும் நம் பிள்ளைகளின் பையிலிருந்து விழும் 2 ருஃபியாவில் ஒரு சங்கு இருக்கும். என் சேகரிப்பில் நான் முதலில் எடுத்துக் காட்டுவது இவற்றைத்தான். விலையென்று பார்த்தால் இவை சில்லறை.

நம் நாடும் தீவுதானே. நம் மத்திய வங்கிக்கும் சொந்தமாக நாணயச்சாலை இல்லை. நம் காசுகளும் வெளிநாடுகளில்தான் அடிக்கப்பட்டு வருகின்றன. ஆனால் நம் ஞாபகார்த்த நாணயக் குற்றிகளில் பல, மக்கள் கையில் புழங்குவதற்காகவே வந்தவை. 1957 இல் புத்தஜயந்திக்காக வந்த 5 ரூபா வெள்ளிக் காசும், 1968 இல் ஐ.நா. உணவு விவசாய அமைப்பின் திட்டத்தில் வந்த 2 ரூபாவும் முதியவர்களுக்கு நினைவிருக்கும். 2013 என ஆண்டு பொறித்து 25 மாவட்டங்களுக்கும் ஒவ்வொன்றாக 10 ரூபா குற்றிகள் வந்தன. அவற்றுள் அம்பாறைக் காசு எனக்கு அக்கரைப்பற்றில் ஒரு தேநீர்க்கடையில் மிச்சக் காசாகக் கிடைத்தது. மட்டக்களப்புக் காசைத் தேடிப் பிடிக்க இரண்டு மாதம் சென்றது. நிறைந்த எண்ணிக்கையில் வெளிவந்து, கை மாறி மாறித் தேய்ந்து, பிறகு மெதுவாக அரிதாகிப்போகும் காசுக்குக் கிடைக்கும் மதிப்பும், பிறக்கும்போதே அரிது என்று எழுதி விற்கப்படும் காசுக்குக் கிடைக்கும் மதிப்பும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை அறியாமல்தான் பலர் பணத்தை இழக்கிறார்கள்.

உங்கள் பெட்டியில் ஒரு சான்றிதழ் இருக்கும். மொத்தம் இத்தனைதான் அடிக்கப்பட்டது என்று அதில் எழுதியிருக்கும். 1,000 என்றோ 5,000 என்றோ பார்த்தவுடன் நெஞ்சு படபடக்கும். ஆனால் குறைந்த எண்ணிக்கை என்பது வேறு, தட்டுப்பாடு என்பது வேறு. 1,000 காசு அடித்து அதைத் தேடுகிறவர்கள் 300 பேராயின், அங்கே தட்டுப்பாடு இல்லை, மிச்சம்தான் இருக்கிறது. ஒவ்வொரு வடிவமும் குறைந்த அளவில் அடிக்கப்படலாம். ஆனால் வடிவங்களின் எண்ணிக்கைக்கு எல்லை இல்லை. ஆண்டுதோறும் பல நாணயச்சாலைகள் பல தீவுகளின் பெயரில் நூற்றுக்கணக்கான புதிய வடிவங்களை வெளியிடுகின்றன. அவற்றுள் எதையேனும் பத்தாண்டுக்குப் பிறகும் மனிதர் தேடுவார்களா என்பதுதான் விலையைத் தீர்மானிக்கிறது. தேடப்பட்டவையும் உண்டு. 2006 இல் துவாலுவின் பெயரில் பேர்த் மின்ட் 5,000 மட்டும் அடித்த செம்முதுகுச் சிலந்தி நாணயம், ஆபத்தான உயிரினங்கள் என்ற தொடரின் முதலாவதாக அமைந்ததால், பின்னால் அந்தத் தொடரைச் சேர்க்கத் தொடங்கிய ஒவ்வொருவரும் அதைத் தேடினார்கள். விலை பல மடங்காயிற்று. அந்த ஒன்றைக் காட்டித்தான் ஆயிரம் நாணயங்கள் விற்கப்படுகின்றன.

நானும் ஒருமுறை அகப்பட்டவன். 1990 களின் நடுவில், இலண்டனிலிருந்த மைத்துனர் மூலம் ஒரு தொடர் விற்பனையில் சேர்ந்தேன். மாதத்துக்கு ஒரு நாணயமாக 24, கப்பல்களின் படம், பசிபிக் தீவொன்றின் பெயர். ஒவ்வொன்றும் வெல்வெட் விரித்த பெட்டியில் வந்தது. யுத்த காலத்தில் எந்த வழியாகவோ பொதி வந்து சேர்வதே பெரிய காரியமாயிருந்தபடியால், வந்ததை நான் சந்தேகத்தோடு பார்க்கவில்லை. 24 உம் சேர்ந்த பிறகு, சான்றிதழின் அடியில் சிறிய எழுத்தில் இருந்த 'பூசப்பட்டது' என்ற பொருள்படும் சொல்லைக் கண்டேன். வெள்ளி என்று நான் நினைத்திருந்தவை செப்பு நிக்கல் கலவையின்மேல் வெள்ளி பூசியவை. அவர்கள் பொய் எழுதவில்லை. நான் அடியெழுத்தை வாசிக்கவில்லை. மைத்துனர் கடன்பட்டுக் கட்டிய காசு அது என்பதுதான் இன்றும் மனதைச் சுடுகிறது.

ஆகவே உங்கள் நாணயத்தில் முதலில் பார்க்க வேண்டியது, ஓரத்து எழுத்தில் ஒரு அவுன்ஸ் என்ற எடையும் 999 என்ற தூய்மையும் தெளிவாகப் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்பதைத்தான். 2011 இன் ஸ்டார் வோர்ஸ் தொடரிலேயே 1 டொலர் காசுகள் வெள்ளி பூசியவை, 2 டொலர் காசுகள் முழு வெள்ளி. படம் ஒன்றுபோல இருந்தும் பொருள் வேறு. உங்களுடையது 2 டொலர் என்பது நல்ல அறிகுறி. பொன், வெள்ளி நிறுக்கும் அவுன்ஸ் 31.1 கிராம், நகைக்கடைத் தராசில் அதற்குக் குறையக் கூடாது. காந்தம் ஒட்டினால் அது வெள்ளியல்ல. ஆனால் ஒட்டாததால் மட்டும் வெள்ளி என்று ஆகிவிடாது, செம்பும் ஒட்டாது. ஐயம் நீங்காவிட்டால் நீரில் நிறுக்கலாம். பாத்திரத்தில் தூய நீரை வைத்துத் தராசைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ தொடாமல் முழுவதும் அமிழும்படி தொங்கவிட்டால், தராசு ஏறக்குறைய 2.96 கிராம் காட்டும். அதே எடையில் செப்புக் கலவையாயின் 3.5 கிராமை ஒட்டிக் காட்டும். இதைச் செய்வதற்கு நாணயத்தை அதன் நெகிழிக் கூட்டிலிருந்து எடுக்க வேண்டியிருப்பதால், உண்மையான ஐயம் இருந்தாலன்றி நான் பரிந்துரைக்க மாட்டேன். மெல்பேண் அண்ணா பெட்டியோடும் சான்றிதழோடும் வாங்கி வந்ததென்றால், எடையைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடலாம்.

கூட்டைத் திறக்க வேண்டாம் என்பதற்குக் காரணம், இவை கண்ணாடிபோல் மினுக்கிய வில்லையில், மினுக்கிய அச்சால், ஒன்றுக்கு மேற்பட்ட தடவை அடிக்கப்படுபவை. விரல் ரேகை ஒன்று பட்டாலும் ஆறு மாதத்தில் அது பழுப்பாகப் பதிந்து நிற்கும். நம் வீடுகளில் வெள்ளிச் செம்பைத் திருநீறு போட்டும் குத்துவிளக்கைப் புளி போட்டும் துலக்குவோம். அந்தக் கை பழக்கத்தில் நாணயத்தைத் தொட்டுவிடாதீர்கள். துலக்கிய நாணயம் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் சேகரிப்பாளர் கண்ணுக்கு அது கீறல் விழுந்த பொருள். கடற்காற்று வீசும் காரைதீவில் இன்னும் கவனம் வேண்டும். பழைய செய்தித்தாளில் சுற்றுவதும் இறப்பர் வளையம் போடுவதும் வெள்ளியைக் கறுக்க வைக்கும், இரண்டிலும் கந்தகம் உண்டு. மெத்தென்ற பிவிசி உறைகள் காலப்போக்கில் பச்சைப் பிசினைக் கக்கும். நாணயம் வந்த கூட்டோடு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பொட்டலம் ஒன்றையும் இறுக மூடும் டப்பாவில் வைத்து, அலுமாரியின் மேல்தட்டில் வைத்தால் போதும்.

விற்பதா என்ற கேள்விக்கு வருகிறேன். இன்றைக்கு நகைக்கடையில் விற்றால் உங்களுக்குக் கிடைப்பது ஒரு அவுன்ஸ் வெள்ளியின் விலையிலிருந்து கடைக்காரர் தன் கழிவை எடுத்தது போக மிச்சம். வெள்ளியின் விலையும் நிலையாக நிற்பதில்லை. 2011 ஏப்ரிலில் அவுன்ஸுக்கு 50 அமெரிக்க டொலரை நெருங்கிய அது, 2020 மார்ச்சில் 12 டொலரளவுக்கு இறங்கியது. டிஸ்னி உருவங்களுக்குச் சேகரிப்பாளர்கள் உலகெங்கும் இருப்பதால், பெட்டியும் சான்றிதழும் உள்ள நாணயத்துக்கு வெள்ளி விலைக்கு மேலேயே ஏதோ கிடைக்கும். ஆனால் அந்த வாடிக்கையாளர் அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார், கல்முனையில் இல்லை. விற்றே ஆக வேண்டுமானால், அண்ணா அடுத்தமுறை வரும்போது கொடுத்தனுப்பி அங்கேயே ஒரு நாணய வணிகரிடம் காட்டச் சொல்வதுதான் சரி. நியூமிஸ்ட்டா போன்ற இணையப் பட்டியலில் நாடு, ஆண்டு, பெறுமதி மூன்றையும் இட்டால் உங்கள் நாணயத்தின் விவரம் கிடைக்கும். விற்பவர்கள் கேட்கும் விலையைப் பார்க்காமல், ஏற்கெனவே விற்று முடிந்த விலையைப் பாருங்கள். இரண்டுக்கும் இடையில் பெரும் வேறுபாடு இருக்கும். ஒன்று மட்டும் தபாற்காரன் என்ற முறையில் வற்புறுத்திச் சொல்கிறேன். நாணயத்தையோ வெள்ளியையோ சாதாரண கடிதத்துக்குள் வைத்து வெளிநாட்டுக்கு அனுப்பாதீர்கள். சர்வதேச அஞ்சல் விதிகள் அதைத் தடை செய்கின்றன. காப்புறுதி செய்த பொதியாக, உள்ளே இருப்பதை உண்மையாகப் பதிந்தே அனுப்ப வேண்டும்.

இதை முதலீடாக நினைத்து இன்னும் பத்து வாங்கலாமா என்று உங்கள் கணவர் கேட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். வேண்டாம். வெள்ளி சேர்ப்பதுதான் நோக்கமென்றால், ஆமை உருவம் தாங்கிய நியூவேயின் டாகு போன்ற, உலோக விலைக்கு மிக அருகில் விற்கும் எளிய காசுகள் இருக்கின்றன. அல்லது நமக்குப் பழகிய பவுணே இருக்கிறது. படத்துக்கும் பெட்டிக்கும் கொடுக்கும் பணம் திரும்பி வருவது அரிது. ஆனால் ஒரு பிள்ளைக்குக் கிடைத்த பரிசாக இந்த ஒன்று இருப்பதில் நான் மகிழ்கிறேன். மகனுக்கு ஒரு பூகோளப் படத்தை விரித்துக் கொடுத்து, நியூசிலாந்துக்கு வடகிழக்கே நியூவேயைத் தேடச் சொல்லுங்கள்; சிறிய புள்ளிதான், சற்று நேரம் எடுக்கும். கண்டுபிடித்த பிறகு, ஒரு நல்ல தாளில் நாணயத்தின் எடை, தூய்மை, ஆண்டு ஆகியவற்றையும், யார் எந்தப் பிறந்தநாளுக்குக் கொடுத்தார் என்பதையும் அவன் கையெழுத்திலேயே எழுத வைத்துச் சான்றிதழோடு சேர்த்துப் பெட்டிக்குள் வையுங்கள். எழுதுவதற்குப் பென்சில் போதும். பேனா மை ஈரத்தில் பரவும்.